உன் அப்பாவும் மாமாவும் பேட்டரி வாங்கிய கதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் என்று படுக்காமல் இருக்க வேண்டுமென்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று நான் சொல்வதைத் திருத்துவார், அவர் திருத்தியதை உன் மாமா திருத்துவான், நீ அங்கே சிரித்துக்கொண்டே போனை வைத்துவிடுவாய். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. இன்றைக்கு எனக்கு வேலை இல்லை, அவர்கள் இருவரும் கடலுக்குப் போயிருக்கிறார்கள், கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உன் மேல் இருக்கிற கோபத்தை இறக்கி வைத்துவிடுகிறேன். படகுக்கு லாரி பேட்டரி போதுமா என்று அப்பா உன்னிடம் கேட்டாராம், சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொண்டால் தாராளமாகப் போதும் அப்பா என்றாயாம். லித்தியம் பேட்டரிதானே நல்லது என்று மாமா கேட்டானாம், அதைவிட நல்லது கிடையவே கிடையாது மாமா என்றாயாம். இரண்டு பேரும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஆளுக்கொரு போனை நீட்டிக்கொண்டு, இதோ பார், படித்த பிள்ளையே சொல்லிவிட்டாள் என்று என்னிடம் காட்டுகிறார்கள். நான் எந்தப் போனைப் பார்ப்பது? போதாததற்கு நீ அப்பாவுக்கு ஒரு வீடியோ, மாமாவுக்கு மூன்று வீடியோ அனுப்பியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தப் பழக்கம், யார் மனசும் நோகக் கூடாது என்று இரண்டு பக்கமும் தலையாட்டுவது. கல்யாண வீட்டில் அது நல்ல குணம். பேட்டரி விஷயத்தில் அது ஆளைக் கொன்றுவிடும். நான் மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்காதே, போன மாதம் நடந்ததை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை, இன்ஜின் கொஞ்சம் மக்கர் பண்ணியது என்று உன் அப்பா முடித்துவிட்டார். கொஞ்சம் மக்கராம்.

நடந்தது இதுதான். நான் உட்காரும் மீனவர் சங்கத்து ஒயர்லெஸ் அறை உனக்குத் தெரியும், ஏலக் கூடத்துக்கு மேல்மாடி, ஜன்னலில் பாதி கடலும் பாதி ஐஸ் கம்பெனிச் சுவரும் தெரியும். அன்றைக்குக் காலையில் எல்லாப் படகும் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தன. வெயில் ஏறிய பிறகு காற்று பிடிக்க ஆரம்பித்தது, திரும்பி வாருங்கள் என்று எல்லோருக்கும் சொன்னேன். ஒவ்வொருவராகச் சரி என்றார்கள். நம் படகிலிருந்து உன் அப்பா குரல் வந்தது, “இன்ஜின் ஸ்டார்ட் ஆகல, டிக் டிக்குனு சத்தம் மட்டும் வருது, நாங்க இப்ப இருக்கிறது” என்றார், அவ்வளவுதான், கத்தியால் வெட்டியதுபோல நின்றுவிட்டது. எந்த இடம் என்று சொல்லி முடிக்கவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது, அந்த நாற்காலியில் இத்தனை வருஷம் சும்மா உட்காரவில்லை. பேட்டரி தளர்ந்துவிட்டால் அந்தப் பெட்டி கேட்கும், பேசாது. பேசுகிற பொத்தானை அழுத்தினால்தான் கரண்ட்டை இழுக்கும், அழுத்தினால் செத்துவிடும். அதனால் அவர்களுக்கு நான் பேசுவது கேட்கிறது, பதில்தான் வராது என்று தெரிந்து, மற்றப் படகுகளுக்கு அவர்கள் காலையில் இருந்த இடத்தைச் சொல்லித் தேட அனுப்பிவிட்டு, இவர்களிடம் நான் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தேன். பொத்தானைத் தொடாதீங்க, பதில் வேண்டாம், கேட்டால் போதும், நங்கூரத்தைப் போடுங்க, விளக்கு, பம்பு எல்லாத்தையும் அணைச்சுடுங்க, துண்டை நனைச்சுத் தலையில் போட்டுக்கங்க, உங்க பிரஷர் மாத்திரை சட்டைப் பையில் இருக்கு, போடுங்க என்று முதலில் ஒழுங்காகத்தான் சொன்னேன். தேடப் போன முதல் படகு அங்கே யாரும் இல்லை என்று சொன்னது. நங்கூரம் பிடிக்காமல் அலையில் தள்ளிப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். அதற்கப்புறம் நான் என்ன பேசினேன் என்று எனக்கே முழுதாக நினைவில்லை, ஆனால் கரையில் இருக்கிற எல்லாருக்கும் நினைவிருக்கிறது. ஒரு பேட்டரி வாங்கத் துப்பில்லாத மனுஷனுக்கு நடுக்கடலில் என்ன வேலை என்றேனாம். வீட்டுக்கு வாங்க, உங்களை நானே கடலில் தள்ளுகிறேன் என்றேனாம். என் தம்பிக்கு ஒன்று ஆனால் உங்கள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றேனாம், அடுத்த மூச்சில் உங்களுக்கு ஒன்று ஆனால் நான் என்ன செய்வேன் என்றேனாம். எல்லாப் படகும் கேட்கிற திறந்த லைன் அது. சங்கச் செயலாளர் படியேறி வந்து, அக்கா கொஞ்சம் தண்ணி குடிங்க என்றார், அவரையும் கத்தி அனுப்பிவிட்டேன்.

பொழுது சாய்வதற்குள் மஞ்சள் படகுக்காரர் அவர்களைக் கண்டுபிடித்துக் கயிறு கட்டி இழுத்து வந்தார். நான் படகுத் துறைக்கு ஓடினேன். உன் அப்பா இறங்கியதும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? “எல்லார் முன்னாடியும் அப்படியா பேசுவ?” உன் மாமா பின்னாலேயே வந்து வாயைத் திறந்தான், “அக்கா, நீ பொத்தானைத் தொடாதீங்கன்னு சொல்லச் சொல்ல, அத்தான் உனக்குப் பதில் சொல்றேன்னு அழுத்திக்கிட்டே இருந்தாரு, உன்கிட்ட சண்டை போடறதுக்கே மிச்ச உயிரையும் தீர்த்துட்டாரு, கடைசியில உன் குரலும் வரல.” நான் அங்கேயே மீன் கூடை மேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு மனுஷனுக்குச் செத்துக்கொண்டிருக்கிற பேட்டரியில் சண்டை போடத் தோன்றுமா? உன் அப்பாவுக்குத் தோன்றும்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. மறுநாளிலிருந்து எந்த பேட்டரி வாங்குவது என்று ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு அவருடைய லாரிக்கார சிநேகிதர் சொன்னதுதான் வேதம். “அவ்வளவு பெரிய லாரியவே உதைச்சுக் கிளப்புது, நம்ம படகு எம்மாத்திரம்?” என்கிறார். மாமா லித்தியத்தைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை, எடை கம்மி, தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆயுசு கெட்டி என்று பாட்டுப் பாடுகிறான். இவர் அதைப் பொம்மை பேட்டரி என்றார். அவன் இதைப் பழைய இரும்பு என்றான். பிறகு பேட்டரி போய் வேறு பேச்சு வந்தது. அன்றைக்குக் காலையில் இன்ஜின் இழுத்து இழுத்துக் கிளம்பியபோதே திரும்பிடலாம் என்று சொன்னேனே, கேட்டீங்களா அத்தான் என்று அவன் கேட்டான். பயந்தவனோடு தொழில் பண்ண முடியாது என்று இவர் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான். அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே வீட்டுச் சாப்பாடு, ஒரே படகு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வலை கிழிஞ்சிருக்குன்னு உன் தம்பிகிட்டச் சொல்லு என்று இவர், தெரியும்னு அத்தான்கிட்டச் சொல்லுக்கா என்று அவன். வேலையில் நாள் முழுக்க ஒயர்லெஸ், வீட்டுக்கு வந்தால் நானே ஒயர்லெஸ். ஒரு நாள் குழம்புச் சட்டியை டக்கென்று நடுவில் வைத்துவிட்டு, இனிமேல் உப்பு வேண்டுமென்றாலும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பேரும் உப்பில்லாமலே சாப்பிட்டு முடித்திருக்கிறார்கள்.

நான் நிஜமாகவே பயந்தது எப்போது என்றால், ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேரப் போகிறேன் என்று மாமா என்னிடம் வந்து சொன்னபோதுதான். நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னான், “பயந்தவன்தான்கா. அன்னிக்கு உன் குரல் நின்னதும் எனக்குக் குழந்தை முகம் மட்டும்தான் தெரிஞ்சுது. அவ இன்னும் என்னை அப்பான்னு கூப்பிடக்கூட ஆரம்பிக்கல.” உனக்கே தெரியும், எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கிய பிறகு அவர்களுக்குப் பிறந்த குழந்தை. நான் என்ன சொல்வது? போகாதே என்று சொன்னால் நாளைக்கு ஏதாவது ஆனால் அவன் பெண்டாட்டி, உன் அத்தை முகத்தை எப்படிப் பார்ப்பேன்? போ என்று சொன்னால் உன் அப்பா தனியாகப் போவார், அந்த வீம்புக்காரர் வேறு ஆளைச் சேர்க்க மாட்டார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இவர்கள் சண்டை பேட்டரிக்காக இல்லை. ஆனால் பேட்டரியை முடிக்காமல் மற்றதை முடிக்கவும் முடியாது.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, இரண்டு பேரும் கடைக்கு வருகிறீர்கள், இல்லையென்றால் படகைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொள்வேன் என்றேன். வந்தார்கள். ஆனால் ஒன்றாக இல்லை, அப்பா என்னோடு பஸ்ஸில், மாமா சைக்கிளில். அந்தக் கடை ஒரு இருட்டுச் சந்து மாதிரி நீளம், உள்ளே போனாலே ஆசிட் வாடை மூக்கைக் குத்துகிறது. கடைக்காரருக்கு நல்ல வாய், கேள்வி கேட்டால் பதிலுக்கு இன்னொரு கேள்வி கேட்கிற ரகம். எந்த பேட்டரி நல்லது என்று உன் அப்பா கேட்டால், எந்தச் செருப்பு நல்லதுன்னா காலைப் பார்க்காம எப்படிச் சொல்றது, படகுல என்னென்ன ஓடுது என்றார். “விளக்கு, வேற என்ன” என்றார் அப்பா. மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு, மீன் பார்க்கிற கருவி, வழி காட்டுகிற கருவி, இரைமீன் தொட்டிக்குத் தண்ணீர் விடுகிற பம்பு, ஒயர்லெஸ் என்று அடுக்கினான். சரி, இதெல்லாம் தொழிலுக்கு வேண்டியது. அதோடு நிறுத்தாமல், “அப்புறம் அத்தானோட ஃபேனு” என்றான். எந்த ஃபேன் என்றேன். கேபினுக்குள் படுக்கிற இடத்தில் ஒரு ஃபேன் மாட்டியிருக்கிறாராம், அன்றைக்குக் காலை முழுக்க இன்ஜினை அணைத்துவிட்டு அதற்கடியில்தான் படுத்திருந்தாராம். உன் அப்பா விடுவாரா? “அவன் மட்டும் என்ன, ரெண்டு போன் சார்ஜில போட்டுட்டுக் குழந்தை வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கிட்டிருந்தான், பாட்டுப் பெட்டி வேற” என்றார். இவ்வளவு நாளும் ஒருவரை ஒருவர் என்னிடம் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறார்கள்! பேச்சுவார்த்தை இல்லையாம், ஆனால் இதில் மட்டும் கூட்டு! நான் அந்தக் கடை நடுவில் நின்று இரண்டு பேரையும் பார்த்தேன். இரண்டு பேரும் பேட்டரியைப் பார்த்தார்கள்.

கடைக்காரர் பொறுமையாகத்தான் சொன்னார், எனக்குப் புரிந்த அளவில் உனக்கும் சொல்கிறேன், வீடியோ பார்த்து அறிவுரை சொல்கிற உனக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். லாரி பேட்டரி ஒரு உதை உதைக்கத்தான் லாயக்கு, இன்ஜினைக் கிளப்பிவிட்டு உட்கார்ந்துகொள்ளும், பிறகு ஓடுகிற இன்ஜின் அதற்குச் சோறு போடும். இன்ஜினை அணைத்துவிட்டு அதிலேயே விளக்கும் பம்பும் ஃபேனும் ஓட்டினால் அடிவரை வற்றிவிடும், நாலைந்து தடவை அப்படி வற்றினால் உள்ளே தகடு கெட்டுப்போகும். வேலை வாங்குவதற்கென்று டீப் சைக்கிள் என்ற இன்னொரு ஜாதி இருக்கிறது, தகடு தடிமன், மெதுவாகக் கொடுக்கும், நின்று கொடுக்கும், திரும்பத் திரும்ப இறக்கி ஏற்றலாம், ஆனால் அதையும் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. லித்தியமும் நல்ல சரக்குதான், ஆனால் நம் பழைய இன்ஜினில் சார்ஜ் ஏற்றுகிற சாமான் அதற்குப் பொருந்தாது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் லித்தியம் இழுக்கிற இழுப்பில் அந்தச் சாமான் சூடாகி எரிந்துவிடும் என்றார். லாரி பேட்டரி இல்லை என்றதும் மாமா முகம் மலர்ந்தது, லித்தியமும் இல்லை என்றதும் அப்பா முகம் மலர்ந்தது. இரண்டு பேரும் தோற்றதில் இரண்டு பேருக்கும் சந்தோஷம். கிளப்புவதற்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, இரண்டும் தனித்தனி, நடுவில் ஒரு ஸ்விட்ச், வேலை பேட்டரி எவ்வளவு இறங்கினாலும் கிளப்புகிற பேட்டரியைத் தொடாது. அலையில் ஆடினாலும் ஆசிட் சிந்தாத, மூடி போட்ட ரகமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் ஒவ்வொரு சாமானும் எவ்வளவு இழுக்கும், எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டுக் கூட்டி, அதற்கு இரண்டு மடங்கு அளவில் பார்க்கச் சொன்னேன். மாமா சரி என்று தலையாட்டினான். உன் அப்பா மட்டும் தலையாட்டாமல் பேட்டரியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். இன்னும் என்ன வீம்பு என்று எனக்கு எரிச்சல், வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் கடைக்காரரிடம், “விளக்கு, பம்பு எல்லாத்தையும் அணைச்சிட்டு ஒயர்லெஸ் மட்டும் வச்சா, கரையோட எவ்வளவு நேரம் பேசலாம்?” என்றார். ஒரு பகல் ஒரு ராத்திரி தாராளமாகப் பேசலாம் என்றார் கடைக்காரர். “அப்ப இதையே எடுங்க” என்றார். நான் அலமாரியில் அடுக்கியிருந்த பேட்டரித் தண்ணீர்க் கேன்களைப் படிப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாட்டுவதற்குள் என் பிராணனை வாங்கிவிட்டார்கள், அதை எழுதினால் இன்னொரு கடிதம் ஆகும். பெட்டியை எந்தப் பக்கம் வைத்தால் படகு சாயாது என்று ஒரு நாள், ஒயர் எந்த வழியாகப் போவது என்று ஒரு நாள். ஆனால் நேருக்கு நேர் சண்டை போட்டார்கள், என் வழியாக இல்லை, அந்த மட்டில் எனக்கு நிம்மதி. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்ட ஒரு மீட்டர் முள்ளும் வைத்திருக்கிறார்கள். ஃபேனைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார், எங்கே வைத்திருக்கிறார் என்று சொல்லவில்லை. ஐஸ் கம்பெனிக்கு மாமா இன்னும் போகவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை, ஒரு மாதம் பார்க்கிறேன் என்றிருக்கிறான்.

முந்தாநாள் நல்ல மீன். மஞ்சள் படகுக்காரர், இங்கே கொட்டுகிறது, எல்லோரும் வாருங்கள் என்று லைனில் கூவிக்கொண்டிருந்தார். எல்லாப் படகும் அந்தப் பக்கம் திரும்பின. நடுவில் உன் அப்பா குரல், தெளிவாக, பக்கத்து அறையில் இருந்து பேசுவதுபோல வந்தது. “முள்ளு பாதிக்கு வந்துருச்சு. வலையை எடுத்தாச்சு. திரும்புறோம்.” மீன் கொட்டுகிற நேரத்திலா அண்ணே என்று யாரோ சிரித்தார்கள். “பேட்டரி சொல்லுது, நான் என்னய்யா பண்ண?” என்றார். எனக்கு வந்ததே கோபம். கல்யாணம் ஆன நாளிலிருந்து சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க என்று நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், காதில் போட்டுக்கொண்டதில்லை, கடையில் வாங்கிய ஒரு முள் சொன்னால் கைகட்டிக் கேட்கிறார் மனுஷன். சரி வாங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். சாயங்காலம் அப்பா குளிக்கப் போன பிறகு உன் மாமா அடுப்படிக்கு வந்து, குரலை இறக்கி, “அக்கா, முள்ளு பாதிக்கு வரவே இல்ல. முக்காலுக்கு மேலதான் நின்னுது. மேற்கே கருத்துச்சு, எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு, போதும் அத்தான், போகலாம்னு மெதுவாத்தான் சொன்னேன். ஏன் எதுக்குன்னு கேக்கல, உடனே வலையை எடுன்னுட்டாரு. பேட்டரின்னு லைன்லதான் சொன்னாரு” என்றான். சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. மீன் கொட்டுகிறபோது திரும்பி வந்துவிட்டீர்களே என்று வழக்கம்போல முணுமுணுத்துக்கொண்டே பரிமாறினேன். இப்போதைய பேட்டரியெல்லாம் சுத்த மோசம் என்றார். ஆமாம் என்றேன். இது உனக்கு மட்டும் எழுதுவது. அப்பா போன் பண்ணி அந்த முள்ளைப் பற்றிப் பேசினால், அது சரியாகத்தான் காட்டும், அது சொல்கிறபடி கேளுங்கள் என்று சொல். மாமா கேட்டாலும் அதையே சொல். ஒரு தடவையாவது இரண்டு பேரிடமும் ஒரே பதிலைச் சொல்.

வேறென்ன. நீங்கள் இருவரும் நீண்ட நாள் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, நன்றாக இருக்க வேண்டும். வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. ராத்திரி தலையைத் துவட்டாமல் படுக்காதே. மாப்பிள்ளையின் முதுகு வலிக்கு டாக்டரிடம் போகச் சொன்னேனே, போனாரா இல்லையா என்று பதிலில் முதல் வரியாக எழுது, மற்றதெல்லாம் பிறகு.

கோபம் பாதி தீர்ந்த,
உன் அம்மா